கழிப்பறைக் காட்சிக்கூடம்

லண்டனில் ஒரு வழக்கறிஞர் நாலு காசு பார்த்துவிட்டார் என்பதை அவர் அலுவலறைச் சுவரே சொல்லிவிடும். ஃப்ரேமுக்குள் விக்டோரியா காலத்து நீதிபதி ஒருவர் பொய்முடியும் உப்பிய கன்னமுமாக வீற்றிருப்பார். 'வேனிட்டி ஃபேர்' வார இதழ் 1869 தொடங்கி வண்ண அச்சில் கொடுத்துவந்த பிரமுகர் கேலிப்படங்களில் ஒன்று அது. வரைந்தவர் பெரும்பாலும் 'ஸ்பை' என்ற லெஸ்லி வார்டாக இருப்பார். படத்தில் இருப்பவர் யார் என்று கேட்டால் நம் ரசிகர் சற்றுத் தடுமாறுவார். "ஒரிஜினல்" என்பதை மட்டும் கேட்காமலே சொல்லிவிடுவார்.

வீட்டில் கதை வேறு. வரவேற்பறையில் குதிரைகளும் முன்னோர்களும். அசல் கேலியெல்லாம் கீழ்த்தளக் கழிப்பறையில்!

அங்கே விருந்தாளி உட்கார்ந்தால் எதிரே ஜேம்ஸ் கில்ரேயின் 1805ஆம் ஆண்டுக் கேலிப்படம். பிரிட்டிஷ் பிரதமர் பிட்டும் நெப்போலியனும் உலக உருண்டையைப் புட்டிங்காக வைத்து அறுத்துக்கொண்டிருக்கிறார்கள். நெப்போலியனுக்கு ஐரோப்பா, பிட்டுக்குக் கடல். விருந்தாளி இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டால் நம்மவர் முகம் வாடிவிடும். "பிட்டின் முள்கரண்டியைக் கவனித்தீர்களா? திரிசூலம்!" என்று பாவம், கை கழுவி வந்தவரை மறுபடி உள்ளே அனுப்பிவைப்பார்.

ஏன் அங்கே மாட்டினார்? வெயில் பட்டால் கையால் பூசிய வண்ணம் வெளுத்துவிடுமாம். ஈரத்தில் தாளில் பழுப்புப் புள்ளி விழும் என்பது அவர் காதில் ஏறாது. டெர்பிஷயரில் கால்க் அபி மாளிகைக்காரர்களுக்கு இப்படி ஒளித்து மாட்டும் கூச்சம் இருந்ததில்லை. கில்ரே, ரோலண்ட்சன் வகையறாவை ஓர் அறைச் சுவர் முழுக்கப் பசை போட்டே ஒட்டிவிட்டார்கள்.

அடி வாங்கியவர்களே வாடிக்கையாளர்களானதுதான் இதில் பெரிய கூத்து. கில்ரே 1792இல் தொந்தி பிதுங்க, பல் குத்துகிறவராக வரைந்த இளவரசரே கேலிப்படங்களை வாங்கிச் சேர்த்தவர். அவர் நான்காம் ஜார்ஜாக அரியணை ஏறிய வேளையில், தம்மை அசிங்கமாக வரையாதிருக்க 1820இல் கேலிப்பட ஓவியர் ஜார்ஜ் க்ரூக்‌ஷாங்குக்கு 100 பவுண்டும் போயிற்று. இன்றும் அங்கே அரசியல்வாதிகள் தம்மைக் கிழித்த கார்ட்டூனின் மூலப்படத்தைத் தேடி வாங்குகிறார்கள்.

நம்மவரை இதுவரை எந்தப் பத்திரிகையும் கிழித்ததில்லை. அந்தக் குறை தீர, பணி ஓய்வு விருந்தில் சகாக்கள் ஒரு கேலிப்படம் வரைந்து பரிசளித்தார்கள். மூக்கு கொஞ்சம் நீளம். "பிரமாதம்!" என்று சிரித்து வாங்கிக்கொண்டவர், வீட்டுக்கு வந்ததும் கழிப்பறைக் கதவின் பின்பக்கம் மாட்டினார். கதவு திறந்திருக்கும்வரை படம் யார் கண்ணிலும் படாது. தாழ்ப்பாள் போட்டவருக்கோ, அதைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாது.