பாரசீக இளவரசருள் உத்தமர் யார் என்னும் விசாரம்

கிண்ணியாவில் எருமைத் தயிருக்குப் பாணி உகந்ததா, சீனி உகந்ததா என்னும் பழைய வழக்கு ஒருவாறு ஓய்ந்துவிட்டமையால், அறிஞர் கவனத்துக்கு உரியதாக இன்று எஞ்சி நிற்பது, 'பிரின்ஸ் ஒஃப் பேர்ஷியா' என்னும் கணினி விளையாட்டு வரிசையில் எது உத்தமம் என்னும் வினா ஒன்றேயாகும். 1989ஆம் ஆண்டில் ஜோர்டன் மெக்னர் என்பார் அப்பிள் டூ கணினிக்கென இயற்றிய மூலம் முதலாக, 2024இல் வெளிவந்த 'த லொஸ்ட் கிரவுன்' உள்ளிட நீளும் இவ்வரிசையில், ஒன்றைத் தமக்குப் பிரியமானது என்று ஒருவர் சுட்டுவது வெறும் அபிப்பிராயமன்று, தம் சுபாவத்தைப் பகிரங்கமாகப் பிரகடனம் செய்தலேயாம் என்பது நமது பிரதிக்ஞை.

சித்திர அழகே பிரமாணம் என்பார் பூர்வபட்சத்தார். மெக்னரோ தம் தம்பி டேவிட்டை வெள்ளை உடையில் ஓடவும் தாவவும் செய்து படம் பிடித்து, அதனைக் கட்டங்கட்டமாகப் பெயர்த்து வரைந்தார். வாட்போரை 1938இல் வந்த ரொபின் ஹூட் திரைப்படத்திலிருந்து எடுத்தார். தாவி விளிம்பைப் பற்றிய இளவரசன் ஒரு கணம் தொங்கி, பின் உடலின் பாரம் தெரிய மேலேறுவதைக் கண்டவர், பிற்கால வண்ண ஜாலங்களைக் கொண்டு மூலத்தைத் தாழ்த்தத் துணியார். கதையே பிரமாணம் என்பாரும் உளர். ஆனால் மூலக் கதையில் வரும், சுல்தான் போர்முனையில் இருக்க அரண்மனையில் சதி செய்யும் ஜாஃபர் போன்ற வசீர்களை ஆயிரத்தோர் இரவுக் கதைகளில் போதுமானவரை கண்டுவிட்ட ஊருக்கு அதில் புதுமை யாதுமில்லை.

ஆகவே, விழுந்தவனை அவ்விளையாட்டு என்ன செய்கிறது என்பதையே நாம் பிரமாணமாகக் கொள்வோம். 1989இன் மூலத்தில் இளவரசனுக்கு உள்ளது 60 நிமிடம். ஈட்டிக் குழியில் விழுந்தவன் அந்நிலையை மீண்டும் தொடங்கலாம், ஆனால் மணிக்கூடு அவனுக்காக நில்லாது. இது நீதி. 2003இன் 'த சாண்ட்ஸ் ஒஃப் டைம்', மணல் நிறைந்த கட்டாரி ஒன்றைக் கையில் தந்து, பொத்தானை அழுத்தினால் சில கணங்களைப் பின்னோக்கி ஓடச் செய்கிறது. இது மன்னிப்பு. 2004இன் 'வொரியர் விதின்', காலத்தோடு விளையாடியவன் மாண்டே தீரவேண்டும் என்று தஹாகா என்னும் கரிய பூதத்தை ஏவி அவனைத் துரத்துகிறது. இது தண்டனை. 2008இல் வந்ததிலோ, பாதாளத்தில் விழுந்த ஒவ்வொரு தடவையும் எலிக்கா என்னும் பெண்ணின் கரம் பற்றித் தூக்கிவிடுகிறது. இது கிருபை. 2024இல் இளவரசனே கடத்தப்பட, அவனை மீட்கச் சர்கோன் என்னும் வீரன் காஃப் மலைக்குச் செல்வதால், போட்டியாளர் சமூகமளிக்கவில்லை என்ற காரணத்தால் அது தள்ளுபடி செய்யப்படுகிறது.

இனித் தேச ஆராய்ச்சி. 2009இல் 396 மீற்றர் நீளப் பாலம் திறக்கப்படும்வரை, கிண்ணியாவார் திருகோணமலைக்குச் செல்ல நம்பியிருந்தது துறையடியின் 'பாதை' என்னும் மிதவையை. பாதை கரையைவிட்டு நாலு முழம் விலகியபின் மூச்சிரைக்க ஓடிவந்தவனுக்கு, கணங்களைத் திருப்பும் கட்டாரியை எவரும் நீட்டியதில்லை. ஆதலால் பாதைக் காலத்தார் 1989இன் பக்கமும், பாலக் காலத்தார் 2003இன் பக்கமும் சாய்வர் என்பது அனுமானம். துறையடித் தேநீர்க் கடையில் நடந்த தர்க்கமும் இதனை மெய்ப்பித்தது.

"பிழை விட்டாத் திருப்பி எடுக்கலாம் எண்டா அதுல என்ன குறை நானா?" என்றான் இளையவன்.

"அப்பிடியெண்டா விளையாடத் தேவல்ல தம்பி, படம் பாத்தாப் போதும்" என்றார் மூத்தவர்.

ஆயினும் பிளேன்ரீ முடிந்து இருவரும் கரம் பலகைக்கு முன் அமர்ந்தபோது, ஆராய்ச்சிக்குப் பெறுமதியான விபரீதம் ஒன்று நிகழ்ந்தது. தம் ஸ்ட்ரைக்கர் குழிக்குள் விழவும், கை தட்டுப்பட்டதென்றும் அதனால் இன்னொருமுறை அடிப்பது நியாயமென்றும் நீதிக் கட்சியாராகிய மூத்தவர் வாதித்தார். மன்னிப்புக் கட்சியானாகிய இளையவனோ, விழுந்தால் விழுந்ததுதான் என்று பலகையை விட்டுக் கையெடுக்க மறுத்தான். எனவே நமது பிரதிக்ஞைக்கு ஒரு விளக்கவுரை அவசியமாகிறது: ஒருவர் பிரகடனம் செய்வது தம் சுபாவத்தைத்தான், அச்சுபாவமாவது, பிறர்மேல் எந்தச் சட்டத்தைச் செலுத்த விரும்புகிறார் என்பதே.

இங்ஙனம் தேர்ந்தபின் சித்தாந்தம் எளிது. மூலத்தில் இளவரசன் கண்ணாடி ஒன்றை ஊடுருவிப் பாய, அவனது நிழல் தனியுருவாகப் பிரிந்து பகையாகிறது. நினைவகத்தில் வேறொரு பகைவனை வரைய இடமில்லாமையால் மெக்னர் இளவரசனின் உருவத்தையே நிழலாக்கினார் என்பதனால், இடநெருக்கடியும் தத்துவம் பயக்கும் எனக் கொள்க. இறுதியில் அந்நிழலை வெட்டினால் வெட்டுபவனுக்கே காயம். வாளை உறையிலிட்டால் இரண்டும் ஒன்றாகும். பிறனுக்கொரு சட்டம், தனக்கொரு சட்டம் என்னும் வழக்கத்துக்கு இடமே வைக்காதது இஃதொன்றே ஆதலின், 1989இன் மூலமே உத்தமம் எனத் தீர்க்கப்படுகிறது. மறுப்புரைப்போர் ஒரு மணி நேரத்துள் உரைக்கக் கடவர். இடையில் தடுமாறினால் முதலிலிருந்து தொடங்கலாம், ஆனால் மணிக்கூடு நிறுத்தப்படமாட்டாது.