கூரைமேல் பெட்டி வைத்தவர் யார்? ஓர் ஆராய்ச்சி

பிளாரன்ஸ் நகரத்துக் கூரைகளின் மேல் 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தனை பணப்பெட்டிகள் ஏன் கேட்பாரற்றுக் கிடந்தன என்ற வினாவை வரலாற்றாசிரியர்கள் இன்றுவரை எழுப்பவில்லை. மெடிசி குடும்பத்தின் வங்கியைப் பற்றி அலமாரி அலமாரியாக எழுதியவர்களும், 1478இல் நடந்த பாட்சி சதியை நேரில் நின்று பார்த்தவர்களைப் போல் விவரிப்பவர்களும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாய் திறப்பதில்லை. ஆனால் 2009இல் யுபிசாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட ‘அசாசின்ஸ் க்ரீட் 2’ என்ற வீடியோ கேமை விளையாடியவர்களுக்கு உண்மை தெரியும். தந்தையையும் இரு சகோதரர்களையும் தூக்கிலிட்டவர்களைப் பழிவாங்கப் புறப்படுகிறான் எட்சியோ ஆடிட்டோரே. புறப்பட்டவன் கண்ணில் பட்ட பெட்டியையெல்லாம் திறந்து பார்க்கிறான். பழி ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகிறது, பெட்டி ஒரு நிமிடமும் தள்ளிப்போவதில்லை. அந்தப் பெட்டிகளைக் கண்டுபிடிக்கும் வழிகளை விளக்கிப் பலர் எழுதிவிட்டார்கள். அவற்றை அங்கே வைத்தது யார் என்பதே நமது ஆய்வுப்பொருள். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்த விளையாட்டு வரிசையின் கதையில் அசாசின்கள், டெம்ப்ளர்கள் என இரண்டு ரகசியக் கூட்டங்கள் காலங்காலமாக மோதிக்கொள்கின்றன. இவற்றுக்கு அப்பால் மூன்றாவது கூட்டம் ஒன்றும் உண்டு. அது பெட்டி வைப்போர் கூட்டம். முதலிரண்டையும்விடப் பெரியது, பரவலானது, கொடையுள்ளம் கொண்டது. அதன் உறுப்பினர் ஒருவரையும் எவரும் கண்டதில்லை என்பது அது இல்லை என்பதற்குச் சான்றாகாது. ரகசியம் காப்பதில் மற்ற இரண்டையும் அது மிஞ்சிவிட்டது என்பதற்கே சான்று.

பெட்டி வீட்டுக்காரருடையதாக இருக்கலாமே, இதற்கு எதற்கு ஒரு கூட்டம் என்பாரும் உளர். அற்றன்று. அக்காலப் பிளாரன்ஸ் வீடுகளில் பெரிய பெட்டிகள் இருந்தது மெய்தான். திருமணத்தின்போது செய்விக்கும் ஓவியம் தீட்டிய மரப்பெட்டிகள் அவை, காசோனே என்பார்கள். ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் இன்றும் பார்க்கலாம். அவற்றுள் இருந்தது மணப்பெண்ணின் சீர்வரிசைத் துணிமணி. எட்சியோ மெய்யான ஒரு பிளாரன்ஸ் பெட்டியைத் திறந்திருந்தால் படுக்கை விரிப்பும் உள்ளாடையும்தான் கைக்கு வந்திருக்கும். அதை எடுத்துக்கொண்டு அவன் எந்தக் கூரைக்கும் தாவியிருக்க முடியாது. பணம் எங்கே இருந்தது? கணக்கேட்டில் இருந்தது. மெடிசி வங்கி 1397இலேயே தொடங்கிவிட்டது. பெண்ணின் வரதட்சணைக்குக்கூட முன்கூட்டியே பணம் கட்டி வைக்கும் அரசாங்க நிதி ஒன்று அந்நகரில் 1425 முதல் நடந்துவந்தது. வரவு, பற்று என்று இரட்டைப் பதிவில் கணக்கெழுதும் முறையை லூக்கா பாச்சோலி வெனிசில் அச்சிட்டு வெளியிட்டது 1494இல். எட்சியோ உயிரோடு திரிந்த காலம்தான் அது. உலகத்துக்கே கணக்குப்பிள்ளை வேலை கற்றுக்கொடுத்த ஊர்க்காரர்கள் ரொக்கத்தைப் பெட்டியில் போட்டு, பூட்டாமல், அண்டை வீட்டுக் கூரையில் வைத்துவிட்டுத் தூங்கப்போனார்கள் என்பது நம்பத்தக்கதன்று. வெளியாள் யாரோ வைத்திருக்கிறார்.

அந்த வெளியாள் தனியாள் அல்லர் என்பதற்கு ஓவியக் கடைக்காரரே சாட்சி. எட்சியோவின் நகரங்களில் ஓவியம் விற்பவர் புதையல் வரைபடமும் விற்கிறார். வாங்கினால் அந்தப் பகுதியின் பெட்டிகள் எல்லாம் மேப்பில் தெரியும். ஊரில் எந்தெந்தச் சந்தில் பணம் கிடக்கிறது என்று முழுமையாக அறிந்த வணிகர் ஒருவர், இரவோடிரவாகத் தானே போய் அள்ளாமல், முக்காடு போட்டுவரும் முன்பின் தெரியாதவனுக்குச் சில காசுக்கு அந்தத் தகவலை விற்கிறார் என்றால், அவர் வணிகர் அல்லர். கூட்டத்தின் ஊர் முகவர். ஊர் மக்களும் உடந்தை என்றே தோன்றுகிறது. பட்டப்பகலில் ஒருவன் நடுத்தெருவில் குனிந்து பெட்டியைத் திறந்தாலும் யாருடையது, எவன் நீ என்று ஒரு கிழவிகூடக் கேட்பதில்லை. இதே வரிசையின் ‘ஒடிசி’ விளையாட்டில் (2018) சில இடங்களில் பொருளைத் தொடப்போனால் ‘திருடு’ என்ற சொல் சிவப்பில் எரிகிறது, யாராவது பார்த்துவிட்டால் தலைக்கு விலையும் வைக்கிறார்கள் என்று நுட்பமான வாசகர் தடை எழுப்பலாம். அது நம் கொள்கைக்கு அரண் செய்கிறது. சொந்தக்காரர் உள்ள பொருளுக்குச் சிவப்பெழுத்து உண்டு. ஆகவே சிவப்பில்லாத பெட்டிகளுக்குச் சொந்தக்காரர் இல்லை. அதே ‘ஒடிசி’யில், பெட்டிக்குள் இருக்கும் வாளின் தரம் திறப்பவரின் லெவலுக்கு ஏற்றபடி அமைகிறது. கி.மு. 431இல் ஏதென்ஸில் மூடிக்கிடக்கும் ஒரு மரப்பெட்டி, தன்னை யார் திறப்பார், அவருக்கு எந்த வாள் பொருந்தும் என்று அறிந்து வைத்திருக்கிறது. தையற்காரர்கூட அளவெடுக்க ஆளை நேரில் வரச் சொல்வார்.

மெய்யான புதையல்களோடு ஒப்பிட்டால் கூட்டத்தின் கைவரிசை இன்னும் துலங்கும். இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஹாக்ஸ்ன் என்ற கிராமத்து வயலில் 1992இல் ஒரு சுத்தியல் தொலைந்தது. அதைத் தேடி உலோகம் கண்டறியும் கருவியோடு போனவருக்கு ரோமானியர் காலத்துப் பொன்னும் வெள்ளியும் கிடைத்தன. நாணயங்கள் மட்டும் 14,865. அவை ஓக் மரப்பெட்டி ஒன்றில் வைத்து, கி.பி. 5ஆம் நூற்றாண்டில் புதைக்கப்பட்டவை. சுத்தியலும் கிடைத்தது, இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அதுவும் இருக்கிறது. புதையல் தேடும் முறைகளுள் இதுவரை மிகச் சிறந்த பலன் தந்தவற்றில் சுத்தியலைத் தொலைப்பதும் ஒன்று என்பதை ஆய்வாளர்கள் குறித்துக்கொள்ளலாம். நமக்கு வேண்டியது வேறு. ‘வல்ஹாலா’ (2020) என்ற விளையாட்டு நடப்பது 873ஆம் ஆண்டின் இங்கிலாந்தில். சஃபோக்கை உள்ளடக்கிய கிழக்கு ஆங்லியாவும் அதில் ஒரு நாடு. அதாவது ஐவோர் என்ற வைக்கிங் வீரர் அங்கே குதிரையில் திரிந்த காலத்தில், ஓக் பெட்டி நிறையப் பொன் அந்த மண்ணுக்கடியில் நாலரை நூற்றாண்டாகக் கிடந்தது. ஓடின் பார்வை என்ற ஞானக்கண்ணைத் திறந்தால் சுவருக்குப் பின்னால் உள்ள சாமான்கள் பொன்னிறத்தில் ஒளிரும் ஐவோருக்கு, இது மட்டும் தெரியவில்லை. ஏன்? அதை வைத்தவர் மெய்யாகவே ஒளித்து வைத்தார். தனக்காக ஒளித்து வைத்தார். திரும்பிவந்து எடுக்கத்தான் எண்ணியிருப்பார், வர முடியாமற்போயிற்று. பெட்டி வைப்போர் கூட்டம் செய்வது இதற்கு நேர்மாறான தொழில். பிறருக்காக வைப்பது, கண்டுபிடிக்கும் அளவுக்கே மறைப்பது.

பானையின் நிலை இதைவிடப் பரிதாபம். வரலாற்றில் செல்வத்தைக் காத்தது பெரும்பாலும் பானைதான். 2010இல் சாமர்செட்டின் ஃப்ரோம் நகருக்கு அருகே ஒரே பானையில் 52,503 ரோமானிய நாணயங்கள் அகப்பட்டன. நம் ஊர்ப் பாட்டிமாரின் கதைகளிலும் பூதம் காப்பது பானையையோ குடத்தையோதான். இந்த விளையாட்டுகளிலோ பானை உடைபடுவதற்கென்றே பிறந்தது. உடைத்தால் நாலு அம்போ கொஞ்சம் சில்லறையோ விழும். குயவர்களுக்கு இழைக்கப்பட்ட இந்த அநீதியிலிருந்து, கூட்டத்தின் தலைமையில் தச்சர்கள் இருக்கிறார்கள் என்று ஊகிக்க இடமுண்டு. இன்னொரு செய்தி. இங்கிலாந்தில் புதையல் கண்டவர் 14 நாட்களுக்குள் மரண விசாரணை அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1996ஆம் ஆண்டுச் சட்டம். சந்தேக மரணங்களை விசாரிக்கும் அதே அதிகாரிதான் புதையலையும் விசாரிக்கிறார். ஐவோர் போன்றவர்களுக்கு இது பெரிய வசதி. ஒரு மடத்தைக் கொள்ளையடித்த கையோடு இரண்டு வேலையையும் ஒரே அலுவலகத்தில் முடித்துக்கொள்ளலாம்.

கூட்டத்தின் தோற்றம் பற்றி ஒரு வார்த்தை. 2007இல் வந்த முதல் விளையாட்டு, 1191ஆம் ஆண்டின் எருசலேம், அக்கோ, டமாஸ்கஸ் நகரங்களில் நடப்பது. அதில் பணப்பெட்டி கிடையாது. 420 கொடிகள் ஆங்காங்கே நடப்பட்டிருக்கும். அவ்வளவையும் சேகரித்தாலும் கதைக்குள் சல்லிக்காசு பெயராது. எட்டு ஆண்டு கழித்து, 1199இன் இறுதியில், பாப்பரசர் மூன்றாம் இன்னொசென்ட் சிலுவைப்போருக்கு நிதி திரட்ட ஆலயந்தோறும் பெட்டி வைக்கச் சொன்னார். அதற்கு மூன்று சாவி. ஒன்று ஆயரிடம், ஒன்று பங்குத்தந்தையிடம், ஒன்று பொதுநிலையினர் ஒருவரிடம். 1476இல் எட்சியோ கூரையேறும்போது ஊரெல்லாம் பெட்டி. காரண காரியத் தொடர்பு பளிச்சென்று தெரிகிறது. அஃதேல் கி.மு. 48இன் எகிப்தில் நடக்கும் ‘ஒரிஜின்ஸ்’ விளையாட்டிலும் பெட்டி உண்டே, பாப்பரசர் பிறக்குமுன் அது எங்கிருந்து வந்தது எனின், அவ்விளையாட்டு வெளியானது 2017இல். இத்துறையில் காலவரிசையை வெளியீட்டு ஆண்டுப்படி கொள்வதே மரபு என்று இக்கட்டுரை இத்தால் நிறுவுகிறது. ஐவோர் கொள்ளையடிக்கும் மடங்களில் துணைக்கு ஓர் ஆள் சேர்ந்தாலன்றித் திறவாத பெரும்பெட்டிகள் உண்டு. மூன்று சாவி முறையின் எச்சம் அது. ஒரு பங்காளியைக் குறைத்தது கூட்டத்தின் கருணை.

கூட்டம் தவறே செய்ததில்லை என்று சொல்வதற்கில்லை. பிரெஞ்சுப் புரட்சிக்காலப் பாரிஸில் நடக்கும் ‘யூனிட்டி’யில் (2014) மேப் முழுக்கப் பெட்டிக் குறிகள் அம்மை போட்டதுபோல் நிறைந்தன. சிவப்புப் பெட்டிக்குப் பூட்டுத் திறக்கும் கம்பி வேண்டும். பொன்னிறப் பெட்டியைத் திறக்கக் கைப்பேசியில் தனிச் செயலி வேண்டும்; நீலப் பெட்டிக்கு வெளியே ஒரு வலைத்தளத்தில் உறுப்பினராக வேண்டும். கில்லட்டின் காலத்துப் பெட்டியைத் திறக்கப் பதிவு எண் கேட்டதை மக்கள் பொறுக்கவில்லை. நிறுவனம் அந்த நிபந்தனைகளைப் பின்னர் கைவிட்டது. இத்தனைக்கும் பாரிஸில் அக்காலத்தில் மெய்யான மறைவுப் பெட்டகம் ஒன்று இருந்தது. துய்லரி அரண்மனைச் சுவருக்குள், பதினாறாம் லூயி கமாங் என்ற பூட்டுத்தொழிலாளியைக் கொண்டு இரும்புக் கதவிட்டு அமைத்தது. 1792 நவம்பரில் அதே கமாங் போய்க் காட்டிக்கொடுத்தார். உள்ளே பணமில்லை, மன்னரின் ரகசியக் கடிதங்கள் இருந்தன. அவை அவர்மேல் வழக்கை வலுவாக்கின; 1793 ஜனவரி 21இல் மன்னர் தலை விழுந்தது. ஒரு பெட்டியைத் திறந்து ஒரு நாட்டின் வரலாறு திரும்பிய நிகழ்ச்சி அது. பெட்டி வைப்போர் கூட்டத்தின் பெட்டிகளால் இப்படி ஒரு தீங்கும் எக்காலத்திலும் விளைந்ததில்லை.

கடற்கொள்ளையரைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ‘பிளாக் ஃபிளாக்’ (2013) விளையாட்டில் கப்பல்களைப் பிடித்தால் சர்க்கரையும் ரம்மும் கிடைக்கும். அது வரலாற்றுக்கு நெருக்கம். தீவில் செத்துக் கிடப்பவர் பக்கத்தில் வரைபடம், அதன்படி போய்த் தோண்டினால் பெட்டி என்பது கதைப்புத்தகத்துக்கு நெருக்கம். மெய்யாகவே புதைத்த கேப்டன் கிட், 1699இல் கார்டினர்ஸ் தீவில் புதைத்ததை அதிகாரிகள் உடனே தோண்டியெடுத்து, 1701இல் அவரைத் தூக்கிலும் போட்டார்கள். புதைப்பது கூட்டத்தாருக்கே உரிய கலை.

இனி வலுவான தடை ஒன்று. பெட்டியை வைத்தது மான்ட்ரியலில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் விளையாட்டு வடிவமைப்பாளர். இதில் என்ன மர்மம் என்பர் பாமரர். அவர்களைத்தான் நாம் கூட்டம் என்கிறோம். அவர் ஏன் வைத்தார் என்று சொல்லட்டும் பார்க்கலாம். பணத்துக்காக என்றால் பொருந்தாது. மான்டெரிஜியோனி ஊரைக் கொஞ்சம் சீரமைத்துவிட்டால் எட்சியோவின் வீட்டுப் பெட்டியிலேயே 20 நிமிடத்துக்கு ஒருமுறை வருமானம் வந்து விழுகிறது. செலவழிக்க வழியில்லாமல் பணம் தேங்கியபிறகும் அடுத்த சந்துப் பெட்டியைத் திறக்காமல் எவரும் போவதில்லை. ஆக, பெட்டிக்குள் இருப்பது பொருட்டன்று, பெட்டி இருக்கும் இடமே பொருட்டு. வேலையற்ற ஒரு முடுக்கை, ஒரு கோயிலின் பின்சுவரை, ஒரு கோட்டையின் ஏழாம் கட்டை நூற்றுக்கணக்கான கலைஞர்கள் மாதக்கணக்கில் வரைந்திருக்கிறார்கள். பார்க்க ஆள் வர வேண்டும். வெறுமனே வா என்றால் வருவாரா? ‘ஷாடோஸ்’ (2025) விளையாட்டின் ஜப்பானியக் கோட்டைகளில் காவல் சாமுராய்களை ஒவ்வொருவராகத் தேடிக் கொன்றால்தான் பெரும்பெட்டி திறக்கும். பூதத்தைப் பல கூறாக்கிக் கோட்டை முழுக்கப் பரப்பி வைத்திருக்கிறார்கள். பெட்டியைத் திறந்து முடிப்பதற்குள் ஆள் கோட்டையின் எல்லா மூலையையும் பார்த்திருப்பார்.

இதற்குப் பரிசோதனைச் சான்றும் உண்டு. 2018இல் ‘ஒரிஜின்ஸ்’ விளையாட்டின் எகிப்தைச் சண்டையும் பழிவாங்கலும் இல்லாமல் அருங்காட்சியகம்போல் சுற்றிப்பார்க்க ஒரு தனி வடிவம் விட்டார்கள். ஆளை இழுத்துப்போக வேறு கவர்ச்சி இல்லையல்லவா? ஆகவே 75 வழிகாட்டிச் சுற்றுலாக்களைக் குரல் விளக்கத்தோடு சேர்க்க வேண்டியதாயிற்று. சாதாரண ‘ஒரிஜின்ஸில்’ ஒரு மரப்பெட்டி வாய் பேசாமல் செய்துவந்த வேலை அது. இக்கொள்கையை மறுக்க விரும்பும் அறிஞர்கள் நீண்ட மறுப்புரை எழுதிச் சிரமப்பட வேண்டாம். எட்சியோவின் பிளாரன்ஸில் படுக்கை விரிப்பு இருந்த ஒரே ஒரு பெட்டியைத் திறந்து காட்டினால் போதும்.