தீர்த்தமலைச் சேவலும் அண்டைவீட்டுச் செவியும்: ஒரு முன்னாய்வு

ராமர் அம்பு விட்டுத் தீர்த்தம் வரவழைத்ததாகத் தலபுராணம் சொல்லும் மலையின் அடிவாரம், அரூர் வட்டம், இவ்வாய்வின் களம். ஆய்வுப் பொருள், பஞ்சாரத்துக்குள் கிடக்கும் ஒரு சிறுவிடைச் சேவல். ஆய்வுச் சிக்கல் யாதெனில், சேவல் எங்களுடையது. தூக்கம் பக்கத்து வீட்டாருடையது.

முன்னோர் கருத்தை முதலில் பார்ப்போம். குறுந்தொகை 107ஆம் பாட்டில் மதுரைக் கண்ணனாரின் தலைவி, தலைவனோடு உறங்கிய தன்னை எழுப்பிவிட்ட சேவலை, ‘காட்டுப்பூனைக்கு இரையாகப் போ’ என்று சபிக்கிறாள். பக்கத்து வீட்டு அக்காவின் சாபமும் ஏறத்தாழ இதுவே. பூனை இருந்த இடத்தில் தெருநாய், அவ்வளவுதான். மரபு அறுபடவில்லை.

விடிவதைப் பார்த்துத்தான் சேவல் கூவுகிறது என்ற பழங்கொள்கை 2013-இல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் அடிபட்டது. மாறாத மங்கல் வெளிச்சத்தில் அடைத்து வைத்தபோதும் சேவல்கள் தம் உடற்கடிகாரப்படியே கூவின. ஆகவே பஞ்சாரத்தின்மேல் கோணிச்சாக்கைப் போர்த்தினால் போதும் என்ற எங்கள் தெருக் கோட்பாடு செல்லாது. சேவலுக்கு வேர்த்ததுதான் மிச்சம். அதே ஆய்வாளர்கள் 2015-இல் இன்னொன்றும் கண்டார்கள்: தலைமைச் சேவல் முதலில் கூவும், மற்றவை பதவி வரிசைப்படி பின்தொடரும். தலைமை இல்லாவிட்டால் இரண்டாவது தொடங்கும். தலைவரைக் குழம்பில் போட்டாலும் சத்தம் ஓயாது என்பது இதன் உட்கிடை. அரசியல் நோக்கர்களுக்கு இதில் வியப்பிராது.

சட்டத்துக்கு வருவோம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று எல்லை கட்டுகின்றன. அருகில் வைத்து அளந்தால் சேவல் 100-ஐத் தாண்டும். ஆடி மாத ஒலிபெருக்கிக்கு இல்லாத விதி தனக்கு மட்டும் எதற்கு என்று அது கேட்கக்கூடும். பிரான்சின் ஒலெரோன் தீவுச் சேவல் மொரீஸ் 2019-இல் வழக்கில் வென்று, கூவும் உரிமையைக் காத்துக்கொண்டது. கேரளத்து அடூரிலோ 2025-இல் கோட்டாட்சியர், விடியுமுன்னே கூவிய சேவலின் கூட்டை மாடியிலிருந்து 14 நாளில் மாற்றச் சொன்னார். சான்றோர் இருபக்கமும் உள்ளனர்.

சிக்கலின் திறவுகோல் பெல்ஜியத்தில் கிடைத்தது. கூவுவதற்காக அலகை அகலத் திறக்கும்போது சேவலின் காதுக்குழாய் ஓரளவு அடைபட்டுக்கொள்கிறது. தன் சத்தத்தால் தனக்குக் கேடு வராமல் காக்கும் ஏற்பாடு என்கிறார்கள். இதே ஏற்பாடு சேவல் வளர்ப்பவர் காதிலும் உண்டு என்பது என் கண்டுபிடிப்பு. எங்கள் வீட்டில் அந்தக் கூவல் ஒருவர் காதிலும் விழுந்ததில்லை.

எனில், பக்கத்து வீட்டுக் காதையும் அடைக்க வழி உண்டா? உண்டு: நாட்டுக்கோழி முட்டை. பெட்டை முட்டையிட்டதும் ஊர் கேட்கக் கேறி, கையிருப்பை அறிவித்துவிடுவதால், இல்லையென்று மறைக்கவும் முடியாது. ஒரு கை முட்டை வேலி தாண்டிப் போகத் தொடங்கிய சில வாரங்களில் அக்கா கவலையோடு வந்து கேட்டார்: “ஏம்ப்பா, உங்க சேவல் இப்பல்லாம் கூவறதே இல்லியே, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?”

சேவல் அன்றும் நாலரைக்கே கூவியிருந்ததாக மூன்றாம் வீட்டுக்காரர் சாட்சி சொல்கிறார். அவருக்கு இன்னும் முட்டை போகவில்லை.

இம்முடிவை மறுக்க விரும்பும் அறிஞர்கள் காலை ஆறு மணிக்கு மேல் வந்து கதவைத் தட்டலாம். அதற்கு முன் எங்கள் வீட்டில் யாருக்கும் காது கேட்காது.