லிஸ்ட்ல பேர் இருக்கா?

திறன் தேர்வு எழுதியவர்களும் எழுதவைத்தவர்களும் அனுப்பிய கேள்விகள் இந்த வாரம் மேசையை நிறைத்துவிட்டன. எழுதவைத்தவர்கள் அனுப்பியவையே அதிகம்.

கே: என்எம்எம்எஸ் (எட்டாம் வகுப்பு உதவித்தொகைத் தேர்வு) ரிசல்ட் எப்போது வரும்? தினமும் மூன்று வேளை இணையதளத்தைத் திறந்து பார்க்கிறேன். (ஓர் அம்மா, ஆரணி)

ப: சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா? அரசுத் தேர்வுகள் இயக்ககம் தேதி குறித்து அறிவித்த பிறகுதான் பட்டியல் வரும், அம்மா. அதற்கு முன்னால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வருவதெல்லாம் மாமா எங்கிருந்தோ ஃபார்வர்டு செய்த லிங்க். அதைத் தொட்டால் பிள்ளையின் ரிசல்ட் தெரியாது, உங்கள் வங்கி விவரம்தான் அவர்களுக்குத் தெரியும்.

கே: ரிசல்ட் வரும் வரை டிவி போடக் கூடாது என்கிறார் அப்பா. பரீட்சைதான் எழுதி முடித்துவிட்டேனே? (எட்டாம் வகுப்பு மாணவி, கோவில்பட்டி)

ப: உன் ஓஎம்ஆர் ஷீட் உங்கள் வீட்டு டிவி சத்தத்தைக் கேட்டு விடை மாற்றிக்கொள்ளாது என்று அப்பாவிடம் சொல். சொன்னது நான் என்று சொல்லாதே.

கே: ஆன்சர் கீ வைத்துப் பார்த்தேன். 180-க்கு 121 வருகிறது. எனக்குக் கிடைக்குமா சார்? (மாணவன், மணப்பாறை)

ப: தம்பி, 121 நல்ல மார்க். ஆனால் இந்தப் பரீட்சையில் பாஸ் ஆவது வேறு, தேர்வாவது வேறு. மனத்திறன் 90, படிப்பறிவு 90 என்ற இரண்டு தாளையும் சேர்த்து நாற்பது சதவீதம் வாங்கினால் (எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கு 32) வரிசையில் நிற்கத் தகுதி. அவ்வளவுதான். வரிசை எங்கே முடிகிறது என்பதைத் தீர்மானிப்பது இடங்களின் கணக்கு. நாடு முழுவதற்கும் வருடத்துக்கு ஒரு லட்சம் பேர். அதைப் பிள்ளைகளின் மக்கள்தொகையையும் ஏழு, எட்டாம் வகுப்பில் படிப்பவர்களின் எண்ணிக்கையையும் வைத்து மாநிலங்களுக்குப் பிரிக்கிறார்கள். தமிழ்நாட்டின் பங்கு 6,695. அதற்குள் இடஒதுக்கீடு. ஆகவே உன் 121 உள்ளே விழுமா என்பது நீ எழுதியதை மட்டும் பொறுத்ததல்ல. திருப்பத்தூரிலும் தென்காசியிலும் முகம் தெரியாத பிள்ளைகள் எழுதியதையும் பொறுத்தது. போன வருடக் கட்-ஆஃப் போன வருடப் பிள்ளைகளுடையது. விட்டுவிட்டு விளையாடப் போ.

கே: எங்கள் பையன் தனியார் பள்ளி. நன்றாகப் படிப்பான். அவனும் எழுத முடியுமா? (சேலம் வாசகர்)

ப: முடியாது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, உள்ளாட்சிப் பள்ளி மட்டும். கேந்திரிய வித்யாலயா, நவோதயாவுக்கே இடமில்லை. குடும்ப ஆண்டு வருமானமும் மூன்றரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. நீங்கள் ஃபீஸ் கட்டிய ரசீதே உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கே: மகள் போன வருடம் தேர்வானாள். பள்ளியில் மாலை போட்டார்கள், தெருமுனையில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். இன்றுவரை ஒரு பைசா வரவில்லை. ஏன்? (ஓர் அப்பா, தேனி)

ப: ஃபிளெக்ஸ் அடிக்க ஆதார் தேவையில்லை. பணம் வரத் தேவை.

இந்த வாரம் வந்த கேள்விகளிலேயே முக்கியமானது இதுதான். ரிசல்ட்டுக்காகக் கோயில் கோயிலாக ஏறுகிற நாம், ரிசல்ட் வந்த மறுநாள் வேலை முடிந்ததென்று உட்கார்ந்துவிடுகிறோம். உண்மையில் அன்றுதான் ஆரம்பம். பட்டியலில் பெயர் வந்தால் பணம் தானாக வராது. ஒன்பதாம் வகுப்பில் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் மகள் பெயரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அதைப் பள்ளி சரிபார்க்கும், பிறகு மாவட்ட அளவில் சரிபார்ப்பார்கள், அதற்கப்புறம்தான் டெல்லியிலிருந்து நேராக அவள் கணக்குக்கு வரும். இடையில் ஒருவர் பொத்தானை அழுத்த மறந்தாலும், கடைசித் தேதி போனாலும், அந்த வருடம் போச்சு. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று வருடா வருடம் புதுப்பிக்கவும் வேண்டும். இதைப் பல பெற்றோருக்கு யாரும் சொல்வதே இல்லை.

அடுத்து நம் ஊருக்கே உரிய வில்லன்: இனிஷியல். ஆதாரில் பெயருக்குப் பின்னால், பள்ளிப் பதிவேட்டில் முன்னால், வங்கிப் பாஸ்புத்தகத்தில் இனிஷியல் விரிந்து அப்பாவின் முழுப் பெயர். உங்களுக்கு அது ஒரே மகள். கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். மூன்றையும் ஒன்றாக்குங்கள். கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறதா, ஆறாம் வகுப்பில் திறந்த ஜீரோ பேலன்ஸ் கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று வங்கியில் கேளுங்கள்.

இன்னும் மூன்று கண்ணி இருக்கிறது. ஒன்பதில் தவறாமல் தேறியிருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் எடுத்தால்தான் மேலே தொடரும் (எஸ்சி, எஸ்டிக்கு 55). பதினொன்றாம் வகுப்பில் ‘நல்ல ஸ்கூல்’ என்று தனியாருக்கு மாற்றினால் உதவித்தொகை பழைய ஸ்கூல் வாசலோடு நின்றுவிடும். வருடம் 12,000, நான்கு வருடத்துக்கு 48,000. மாலைக்குச் செலவழித்த அரை நாளில் பாதியை ஹெட்மாஸ்டர் அறையில் செலவழியுங்கள்.

கே: மாதம் ஆயிரம் ரூபாய் இந்தக் காலத்தில் ஒரு தொகையா? (வாசகர், தாம்பரம்)

ப: உங்களுக்கு இல்லை. எட்டாவதோடு பிள்ளையை நிறுத்தி வேலைக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிற வீட்டில் உண்டு. அந்த யோசனையைத் தடுக்கத்தான் 2008-ல் இதைத் தொடங்கினார்கள். ஆனால் உங்கள் கேள்வியில் நியாயமும் இருக்கிறது. ஐந்நூறாக இருந்தது ஆயிரமானது 2017-ல். அன்றைக்கு விற்ற விலையில் இன்றைக்கு எண்ணெய் கிடைக்குமா என்று டெல்லியில் யாராவது கேட்க வேண்டும்.

கே: பிள்ளைகளைவிட எனக்குத்தான் படபடப்பு. இது சரியா? (நடுநிலைப் பள்ளி ஆசிரியை, செய்யாறு)

ப: மாலை ஐந்தரை வரை உட்காரவைத்து எண் தொடர் சொல்லிக்கொடுத்தவருக்கு வராமல் யாருக்கு வரும்? உங்களுக்குத் தனியாக உதவித்தொகை எதுவும் இல்லை என்பதுதான் வருத்தம்.

கே: பையனுக்கு பிஎஸ்ஏடியில் 221. நேஷனல் மெரிட் கிடைக்குமா என்று செப்டம்பர் வரை காத்திருக்கிறோம். ஒஹாயோவில் மச்சினன் மகன் 220 வாங்கிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறான். இது என்ன நியாயம்? (எடிசன், நியூ ஜெர்சி)

ப: நீங்கள் எடிசனில் வீடு வாங்கியபோது ‘ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் நல்லா இருக்கு’ என்று யாரோ சொல்லியிருப்பார்களே, அந்த நியாயம்தான்.

பிஎஸ்ஏடி மதிப்பெண்ணை வைத்து அமெரிக்காவில் 1955 முதல் நடக்கிற இந்த நேஷனல் மெரிட் உதவித்தொகைத் திட்டத்திலும் மணப்பாறைத் தம்பிக்குச் சொன்ன அதே கணக்குதான். சுமார் 16,000 செமிஃபைனலிஸ்ட் இடங்கள். அந்தந்த மாநிலத்தில் பள்ளி முடிக்கும் மாணவர் விகிதப்படி பங்கு. பங்கு விகிதப்படி, போட்டி விகிதப்படி இல்லை. உங்கள் மாநிலத்தில் உங்கள் மாதிரியே நினைக்கிற பெற்றோர் அதிகம். ஆகவே கட்-ஆஃப் வருடா வருடம் நாட்டின் உச்சியில், அண்மை வருடங்களில் 223-க்குக் கீழே வந்ததில்லை. அதனால் 221 என்றால் பையனை இப்போதே மெல்லத் தயார்படுத்துங்கள். மச்சினன் வீட்டு அட்ரஸைக் கொடுக்கலாமா என்று யோசிக்க வேண்டாம். பையன் படிக்கிற பள்ளி எந்த மாநிலமோ அதுதான் கணக்கு.

ஆனால் ஒரு ஆறுதல் பரிசு உண்டு. ஏறத்தாழ 34,000 பேருக்குப் பாராட்டுச் சான்று தருகிறார்கள். அதற்கு நாடு முழுக்க ஒரே கட்-ஆஃப், எடிசனுக்குத் தனித் தண்டனை இல்லை. கையில் பணம் வராது, கல்லூரி விண்ணப்பத்தில் ஒரு வரி வரும்.

அடுத்த பிள்ளை இருந்தால் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: நேஷனல் மெரிட்டுக்கான மதிப்பெண்ணின் உச்சம் 228; அந்தக் கணக்கில் கணிதத்தை ஒரு முறையும் ஆங்கில வாசிப்பு, எழுத்தை இரண்டு முறையும் கூட்டுகிறார்கள். நம்மவர்கள் ஆறு வயதிலிருந்து பிள்ளையைக் காரில் ஏற்றி எந்த கிளாஸுக்குக் கொண்டுபோகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

கே: அப்படியானால் செமிஃபைனலிஸ்ட் ஆனால் பணம் உறுதியா? (அதே வாசகரின் மனைவி, அதே எடிசன்)

ப: இல்லை அம்மா. பிப்ரவரியில் அதில் சுமார் 15,000 பேர் ஃபைனலிஸ்ட் ஆவார்கள். அதில் பாதிப் பேருக்குக்கூட உதவித்தொகை வராது. நேஷனல் மெரிட்டை நடத்துகிற அமைப்பு நேரடியாகத் தருவது ஒரே ஒரு முறை 2,500 டாலர். அமெரிக்கக் கல்லூரிக் கட்டணத்துக்கு முன்னால் அது பீட்சா காசு. ஆனால் ஃபைனலிஸ்ட்டுகளுக்குப் பெரிய சலுகை தந்து கூப்பிடுகிற சில பல்கலைக்கழகங்கள் உண்டு. ‘பெயர் கேள்விப்பட்டதில்லையே’ என்று உங்கள் வீட்டுக்காரர் ஒதுக்கிவைக்கிற பட்டியலில்தான் அவை இருக்கும்.

கே: என் மகன் அந்தக் காலத்தில் என்டிஎஸ்இ வாங்கியவன். பேரனும் வாங்க வேண்டும் என்று ஆசை. (தாத்தா, கும்பகோணம்)

ப: 1963-ல் தொடங்கிய அந்தத் தேசியத் திறனாய்வுத் தேர்வை 2021-க்குப் பிறகு நிறுத்திவைத்துவிட்டார்கள், ஐயா. விஞ்ஞானம் படிப்பவர்களுக்கான கேவிபிஒய் உதவித்தொகையும் முடிந்துவிட்டது. ஆகவே உங்கள் மகனின் சாதனை இப்போதைக்கு முறியடிக்க முடியாத சாதனை. பேரனிடம் சொல்லிக்காட்டாமல் இருந்தால் போதும்.

கே: தரம் ஐந்து புலமைப்பரிசிலில் மகனுக்கு வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைவு. அயலட்டைச் சனம் வந்து துக்கம் விசாரிக்கினம். (ஓர் அம்மா, சாவகச்சேரி, இலங்கை)

ப: வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். இன்னொரு மாவட்டத்தில் இதே புள்ளிக்கு வெடி கொளுத்தியிருக்கவும் கூடும். பத்து வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுங்கள். குடித்து முடிக்கும்போது, ‘நீங்கள் சோதினை எழுதினபோது எத்தனை புள்ளி?’ என்று கேளுங்கள். அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

கே: எங்கள் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கிடைத்துவிட்டது. இவள் இரண்டு நாளாகப் பேசவில்லை. என்ன சொல்லித் தேற்றுவது? (ஓர் அம்மா, விருத்தாசலம்)

ப: முதல் இரண்டு நாள் ஒன்றும் சொல்ல வேண்டாம். குறிப்பாக, பக்கத்து வீட்டுப் பெண் காலையில் எத்தனை மணிக்கு எழுந்தாள் என்பதைச் சொல்லவே வேண்டாம். மூன்றாம் நாள், கதவு இது ஒன்றுதான் என்றில்லை என்று காட்டுங்கள். கிராமப்புறப் பள்ளி என்றால் ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது. மாவட்டத்துக்கு ஐம்பது மாணவியர், ஐம்பது மாணவர். தொகை சிறியது, பழக்கம் பெரியது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு உண்டு. ஆயிரம் பேருக்கு, அதில் பாதிப் பேர் பெண்கள், பட்டப் படிப்பு வரை வருடம் 10,000. பதினொன்றாம் வகுப்பில் தமிழ் இலக்கியத் திறனறித் தேர்வு; 1,500 பேருக்கு இரண்டு வருடம் மாதம் 1,500 ரூபாய். கடைசியில் சொன்னதில் பாதி இடம் அரசுப் பள்ளிக்கு, மீதியில் தனியார் பள்ளிப் பிள்ளைகளும் போட்டியிடலாம். (சேலம் வாசகரே, கவனித்தீர்களா?)

கே: எனக்கு உதவித்தொகை வந்துவிட்டது! ஃபோன் வாங்கலாம் என்கிறேன் நான். வீட்டுச் செலவுக்கு என்கிறார் அப்பா. கணக்கு என் பெயரில்தான் இருக்கிறது. யார் சொல்வது சரி? (ஒன்பதாம் வகுப்பு மாணவன், பரமக்குடி)

ப: சட்டப்படி உன் பணம், படிப்புக்கான பணம். நோட்டு, கைடு, பஸ் செலவு, சைக்கிள் ரிப்பேர் என்று எழுதிக் கொடுத்து அப்பாவோடு பேரம் பேசு. ஃபோனைக் கடைசி வரியில் சின்ன எழுத்தில் போடு. அதற்கு முன் ஒரு சந்தேகம்: ஏடிஎம் கார்டு யாரிடம் இருக்கிறது?