ஊர் கேட்க ஊசி போடுவது எப்படி?

சூலூரில் பல் டாக்டராகப் பேர் எடுப்பது லேசான காரியமில்லை. சுற்றிலும் விசைத்தறிச் சத்தம். தலைக்கு மேல் 2018-லிருந்து தேஜஸ் விமானம். இரண்டையும் மீறி உங்கள் நோயாளியின் அலறல் திருச்சி ரோடு வரை கேட்க வேண்டுமானால் தொழில் சுத்தம் முக்கியம்.

மரப்பு ஜெல்லை முடிந்தவரை தொடாதீர்கள். தொட்டால், எச்சில் ஈரத்தின் மேலேயே தடவி உடனே குத்திவிடுங்கள். ஈறைத் துடைத்துக் காயவைத்து, ஓரிரு நிமிஷம் பொறுத்தால் அது வேலை செய்து தொலைக்கும். புட்டியின் ரப்பர் மூடியைக் குத்தி மருந்து உறிஞ்சிய அதே ஊசியைப் பயன்படுத்துங்கள்; முனை மழுங்கியிருப்பது நல்லது.

ஆனால் வித்தை குத்துவதில் இல்லை, தள்ளுவதில் இருக்கிறது. 1943-ல் ஸ்வீடன்காரர் நீல்ஸ் லோஃப்கிரேன் உருவாக்கிய லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்துதான் இன்றும் நம் கையில். கூடச் சேர்க்கும் அட்ரினலின் கெடாமல் இருக்கக் கரைசலில் அமிலத்தன்மை வைத்திருப்பார்கள். உள்ளே போகும்போது எரிவதற்கு அதுவும் ஒரு காரணம். ஒரு மில்லிக்கு ஒரு நிமிஷம் என்று நிதானமாகச் செலுத்தினால் சதை மெல்ல இடம் கொடுக்கும், ஆள் தூங்கினாலும் தூங்கிவிடுவார். ஆகவே பிரிட்ஜில் இருந்து எடுத்த சூட்டோடு, மன்னிக்கவும், எடுத்த குளிரோடு ஒரே அமுக்கு. சோடியம் பைகார்பனேட் கலந்து புளிப்பை முறிக்கிற டாக்டர்களோடு சகவாசம் வேண்டாம்.

மேலண்ணம் நமக்குக் கிடைத்த வரம். அங்கே சதை எலும்போடு ஒட்டிக்கிடப்பதால் மருந்துக்கு இடமே இல்லை. வாய்க்கண்ணாடியின் கைப்பிடியால் பக்கத்தில் அழுத்திப் பிடிப்பது, கன்னத்தை இழுத்து ஆட்டுவது எல்லாம் வலிச் செய்தியை மூளைக்குப் போகும் வழியிலேயே மறித்துவிடும்; அதற்கான கோட்பாட்டை 1965-லேயே வலி ஆய்வாளர்கள் மெல்சாக்கும் வாலும் சொல்லிவிட்டார்கள். அந்தக் கோட்பாட்டைப் படிக்காதவர் போலவே நடந்துகொள்ளுங்கள்.

“ஏனுங் டாக்டரு, வலிக்குங்களா?” என்று கேட்பார்கள். “வலிக்கவே வலிக்காது” என்று சொல்லிக்கொண்டே ஊசியைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். வலித்தால் கையைத் தூக்குங்கள், நிறுத்துகிறேன் என்று மட்டும் வாய் தவறியும் சொல்லாதீர்கள். அட்ரினலினால் நெஞ்சு கொஞ்சம் படபடக்கும், தானே அடங்கும் என்பதையும் சொல்ல வேண்டியதில்லை. மாரடைப்பு என்று அவரே முடிவு செய்துகொள்வார். நம்ம பக்கத்து ஆட்கள் மரியாதைப்பட்டவர்கள். கண்ணில் நீரோடு எழுந்தாலும் “பரவால்லீங்” என்றுதான் சொல்வார்கள். புகார் வராது. அவர்களும் திரும்ப வரமாட்டார்கள், அடுத்த பல்லுக்குக் கோயமுத்தூர் பஸ் ஏறிவிடுவார்கள்.

திரும்ப வருகிறவர்கள் குழந்தைகள்தான். உதடு இரண்டு மூன்று மணி நேரம் மரத்திருக்கும், அதுவரை எதையும் கடிக்கக் கொடுக்காதீர்கள் என்று அப்பாவிடம் சொல்லாமல் அனுப்புங்கள். அவர் முதல் பேக்கரியிலேயே பையனுக்குத் தேங்காய் பன் வாங்கிக் கொடுப்பார். பையன் பன்னோடு உதட்டையும் சேர்த்து மென்று, சாயங்காலம் வீங்கிய வாயோடு வந்து நிற்பான். அதற்குத் தனி ஃபீஸ்.