நகராத பந்துக்கு ஒரு வாத்தியார்

டண்டீ, ஸ்காட்லாந்து
ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தையின் முட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இந்த மாதத்தில் இங்கே ராத்திரி பத்து மணிக்கும் பட்டப்பகல் போல வெளிச்சம் இருப்பதால், பிள்ளைகளைப் படுக்கப் போகச் சொன்னால் ஜன்னலைக் காட்டி வாதாடுகிறார்கள். வழக்கில் அவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது.

நீங்கள் போனில் கேட்டதற்குப் போனிலேயே பதில் சொன்னேன். உங்களுக்குப் பின்னால் தறி ஓடிய சத்தத்தில் அது உங்கள் காதில் விழவில்லை. நீங்கள் சொன்னதில், "சும்மா கிடக்குற பந்த அடிக்கதுக்கு எதுக்குல வாத்தியாரு?" என்பது மட்டும் எனக்குச் சுத்தமாகக் கேட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

சென்னை மச்சானின் மேனேஜர் கோல்ஃப் ஆடுகிறவராம். மச்சானையும் கூப்பிடுகிறாராம். அதற்கு முன்னால் பணம் கட்டி வகுப்பில் சேரலாமா, இல்லை யூடியூபைப் பார்த்தே ஒப்பேற்றிவிடலாமா என்று மச்சான் யோசிக்கிறான். ஸ்காட்லாந்தில் இருக்கிறவனுக்குத் தெரியாமலா இருக்கும் என்று என்னிடம் கேட்கச் சொல்லியிருக்கிறான். தெரியும் மாமா. நானும் பணம் கட்டினவன்தான். அரை மணி நேரத்துக்கு 30 பவுண்டு. நம்ம ஊர் ரூபாயில் எவ்வளவு என்று நீங்கள் இந்நேரம் பெருக்கியிருப்பீர்கள். அந்தத் தொகையை மட்டும் அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

பந்து சும்மா கிடப்பதுதான் இந்த ஆட்டத்தில் பெரிய தொந்தரவே. கிரிக்கெட்டில் பந்து பாய்ந்து வரும், யோசிக்க நேரம் கிடையாது, கை தானாகப் போய்விடும். இங்கே அந்தச் சவம் புல்லில் உட்கார்ந்து நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம். யோசிக்க யோசிக்க முழங்கை இறுகும், தோள் ஏறும். பந்து 46 கிராம்கூட இருக்காது. குறுக்களவு நாலேகால் சென்டிமீட்டர். அது விழவேண்டிய குழி 108 மில்லிமீட்டர், அதுவும் முந்நூறு நானூறு கெஜத்துக்கு அப்பால். அடிக்கிற மட்டையின் முகம் கொஞ்சம் வலப்பக்கம் திறந்திருந்தால் போதும், பந்து நேராகக் கிளம்பி, பாதி வழியில் மனசு மாறி, வளைந்து அடுத்த ஆளின் மைதானத்துக்குள் போய்விடும். இதற்கு இங்கே 'ஸ்லைஸ்' என்று பெயர். புதிதாக ஆடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு இந்த வியாதி உண்டு.

இன்னொரு வேடிக்கை. பந்து மேலே போகவேண்டும் என்பதால் நாம் அதைக் கீழிருந்து அள்ளித் தூக்கப் பார்ப்போம். அப்படிச் செய்தால் மட்டை பந்தின் தலையில் தட்டிவிட்டுப் போகும், பந்து தரையோடு உருளும். இரும்பு மட்டையால் கீழ்நோக்கி அடித்தால்தான் பந்து மேலே எழும்பும். தூக்குகிற வேலையை மட்டையின் சாய்வே பார்த்துக்கொள்ளும். இந்த ஒரு விஷயம் சொந்தப் புத்தியால் யாருக்கும் தோன்றாது என்பது என் எண்ணம். தோன்றினாலும் உடம்பு நம்பாது.

எனக்குப் பாடம் சொன்னவர் அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. முதல் வகுப்பில் பந்தையே அடிக்க விடவில்லை. மட்டையைப் பிடிக்கச் சொன்னார். நான் பிடித்ததைப் பார்த்துவிட்டு, "கிரிக்கெட் ஆடியிருக்கிறாயா?" என்று கேட்டார். பெருமையாக ஆமாம் என்றேன். "பரவாயில்லை, சரிபண்ணிவிடலாம்" என்றார், டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்க்கிற முகத்தோடு. வலது கைச் சுண்டுவிரலை இடது கை விரல்களின் மேல் ஏற்றிவைத்துப் பிடிக்கவேண்டும். ஹாரி வார்டன் என்பவர் பெயரால் வழங்குகிற பிடி அது. 1896 முதல் 1914 வரைக்குள் பிரிட்டிஷ் ஓப்பன் பந்தயத்தை ஆறு தடவை ஜெயித்தவர், இன்றைக்கு வரை அந்தக் கணக்கை யாரும் தாண்டவில்லை. அந்தப் பிடியில் முதல் நாள் கை முழுக்க அன்னியமாக இருந்தது. மூன்றாம் வாரம் பழைய பிடி அன்னியமாகிவிட்டது.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், தறிக்குப் புதிதாக வருகிற பையனை நீங்கள் முதல் வாரம் தனியாக விடுவீர்களா? பக்கத்தில் நின்று, இழை அறுந்ததும் தறியை நிறுத்துகிற கையைப் பழக்கிவிட்டுத்தானே நகருவீர்கள்? தானாகக் கற்றுக்கொள்ளட்டும் என்று விட்டால் அவனும் கற்றுக்கொள்வான்தான். ஆனால் பாதித் துணி கழிவில் போகும், கையும் கோணலாகப் பழகிவிடும். பழகின கோணலை நிமிர்த்துவது, புதிதாகச் சொல்லிக்கொடுப்பதைவிட மூன்று மடங்கு வேலை. அந்த அம்மாவும் இதையேதான் சொன்னார்: ஒரு வருஷம் சொந்தமாக ஆடிப்பார்த்துவிட்டு வருகிறவர்களிடம்தான் அவருக்குச் சம்பாத்தியம் ஜாஸ்தியாம்.

நீங்கள் உடனே, "வாத்தியார் இல்லாமலே பெரிய ஆளானவன் இல்லையா?" என்பீர்கள். இருக்கிறார்கள். டெல்லி கோல்ஃப் கிளப்பில் அடுத்தவர் பையைத் தூக்கிய அலி ஷேர், 1991இல் இந்தியன் ஓப்பனை ஜெயித்தார். அதை ஜெயித்த முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவர். 2009இல் அதே பந்தயத்தை ஜெயித்த பெங்களூர் முனியப்பாவும் பை தூக்கி வளர்ந்தவர்தான். கோல்ஃப் உலகத்தில் இவர்களைக் 'கேடி' என்பார்கள் (நம்ம ஊர் அர்த்தத்தில் எடுத்துக்கொண்டு அத்தை பயப்படவேண்டாம்). ஆனால் மாமா, அவர்கள் வாத்தியார் இல்லாமல் கற்றவர்கள் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சின்ன வயசிலேயே காலை முதல் சாயங்காலம் வரை நல்ல ஆட்டத்தையும் மோசமான ஆட்டத்தையும் பத்தடி தூரத்தில் நின்று பார்த்தவர்கள். அவ்வளவு பெரிய பள்ளிக்கூடத்துக்கு எந்தப் பணக்காரனும் கட்டணம் கட்டிவிட முடியாது. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்திருக்கிற நம்ம மச்சானுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவன் காசு கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

இந்த ஊர்க் கதையும் அதேதான். டண்டீயிலிருந்து டே ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் கொஞ்ச தூரத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ். கோல்ஃபுக்கு அதுதான் காசி. அங்கே 1821இல் பிறந்த டாம் மாரிஸ், ஒரு தறிக்காரர் மகன். உங்களுக்காக இட்டுக்கட்டவில்லை, நிஜம். பதினாலு வயசில் ஆலன் ராபர்ட்சன் என்ற பந்து செய்கிறவரிடம் வேலை பழகச் சேர்ந்தார். அந்தக் காலத்துப் பந்து தோலுக்குள் வாத்து இறகை வேகவைத்துத் திணித்துத் தைத்தது. மழையில் நனைந்தால் கெட்டுப்போகும், விலையோ மட்டையைவிட அதிகம். பிறகு 1848 வாக்கில் மலாய்க் காட்டு மரத்துப் பாலில் செய்த 'கட்டா பெர்ச்சா' பந்து வந்தது. அந்த மலிவுப் பந்தால் சிஷ்யன் ஆடிவிட்டான் என்று குருவுக்குக் கோபம் வந்து இருவரும் பிரிந்தார்கள். தொழில் போய்விடுமே என்ற பயம். விசைத்தறி வந்தபோது கைத்தறிக்காரர்கள் என்ன பேசினார்கள் என்று தாத்தா சொல்லுவாரே, அந்தப் பேச்சை இங்கிலீஷில் பேசியிருப்பார்கள் போல. மாரிஸ் பிற்பாடு ஓப்பன் பந்தயத்தை நாலு தடவை ஜெயித்தார், அவர் மகனும் நாலு தடவை ஜெயித்தான்.

அந்த மரப்பால் இந்த ஊருக்கு வந்த கதை ஒன்றைச் சொல்கிறார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸில் இருந்த பேட்டர்சன் குடும்பத்துக்குக் கிழக்கே இருந்து ஒரு விஷ்ணு சிலை பார்சலில் வந்ததாம். உடையாமலிருக்க அதைச் சுற்றிப் போட்டிருந்த கட்டா பெர்ச்சாத் துண்டுகளை உருக்கித்தான் முதல் பந்தைச் செய்தார்களாம். உண்மையோ, கட்டுக்கதையோ, சிவனும் பெருமாளும் ஓருடம்பான சங்கரநாராயணர் ஊர்க்காரனான எனக்கு இதை நம்பாமலிருக்க மனசில்லை. பந்தில் பெருமாள் பங்கு இருக்கிறது. அது நேராகப் போகாததற்குச் சிவன்தான் பொறுப்போ என்னவோ.

சரி, மச்சானுக்கு வருகிறேன். பத்து வகுப்புக்கு மொத்தமாகப் பணம் கட்டவேண்டாம். நாலோ ஐந்தோ போதும், அதையும் அடுத்தடுத்து வைக்காமல் இரண்டு வாரத்துக்கு ஒன்று. இடையில் பயிற்சி மைதானத்துக்குப் போய் ஒரு கூடைப் பந்து வாங்கி, வாத்தியார் சொன்ன ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பழகட்டும். வகுப்புக்குப் போய்விட்டு நடுவில் மட்டையைத் தொடாதவன் கட்டுகிற பணம் தண்டம். யூடியூபைப் பற்றிக் கேட்டான் அல்லவா? அதில் ஒருவர் இடது கையை மடக்காதே என்பார், அடுத்தவர் மடக்கினால் ஒன்றும் ஆகாது என்பார். இரண்டு பேரும் மச்சான் அடிப்பதைப் பார்த்ததில்லை. வாத்தியாருக்குக் கொடுக்கிற காசு பேச்சுக்கு இல்லை, நம்மைப் பார்க்கிற கண்ணுக்குத்தான்.

முழு மட்டை செட்டையும் இப்போதே வாங்கிவிடப் போகிறான், அதைத் தடுத்து நிறுத்துங்கள். பையில் 14 மட்டைக்கு மேல் வைக்கக்கூடாது என்று விதியே இருக்கிறது. அந்தப் பதினாலும் இப்போதே வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஏழாம் நம்பர் இரும்பு ஒன்று, குழிக்குப் பக்கத்தில் தட்டிவிடுகிற 'பட்டர்' ஒன்று, இரண்டும் பழசாகவே கிடைக்கும். மிச்சப் பணத்தில் வாத்தியாரைப் பார்க்கட்டும். அந்தப் பட்டரையும் ஏளனமாக நினைக்கவேண்டாம். 250 கெஜம் பறக்கவிட்ட அடியும் ஒரு கணக்கு, குழியோரத்தில் நாலு அங்குலம் தட்டினதும் ஒரு கணக்கு. செயின்ட் ஆண்ட்ரூஸில் பெண்களுக்கென்று 1867இல் தொடங்கிய ஒரு கிளப் அந்தத் தட்டலை மட்டுமே ஆடுகிறது. மேடும் பள்ளமுமான அந்தப் புல்வெளிக்குப் பெயர் 'ஹிமாலயாஸ்'. வெளியாரும் சில்லறைக் காசில் ஆடலாம். உங்கள் மருமகள் அங்கே ஒரு வகுப்பும் இல்லாமல் என்னைத் தோற்கடித்தாள். அன்றைக்குக் காற்று அதிகம்.

மேனேஜரை ஜெயித்துவிட்டால் உத்தியோகத்துக்கு ஆபத்தாகுமே என்ற கவலை மச்சானுக்கு வேண்டாம், அதற்கு வெகுகாலம் ஆகும். தோற்றுத் தோற்று மானம் போகுமே என்ற கவலையும் வேண்டாம். 'ஹேண்டிகேப்' என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. கத்துக்குட்டிக்கு அதிகபட்சம் 54 வரை கழிவு உண்டு. அதைக் கழித்துப் பார்த்தால் கிழவனும் குமரனும், முதலாளியும் சிப்பந்தியும் சமமாக ஆடலாம். இவ்வளவு தாராளமான ஆட்டம் வேறெதுவும் எனக்குத் தெரியாது. கிளப்பில் சேருகிற கட்டணத்தில் மட்டும் அந்தத் தாராளம் கிடையாது.

இன்றைக்குக் காலையில் செயின்ட் ஆண்ட்ரூஸ் போய்வந்தோம். அங்கே ஓல்டு கோர்ஸ் என்கிற உலகப் பிரசித்தி பெற்ற மைதானத்துக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. ஊர்க்காரர்கள் நாயும் குழந்தையுமாக அதன் மேலேயே உலாத்துகிறார்கள். மற்ற நாளிலும் முதல் குழிக்கும் கடைசிக் குழிக்கும் குறுக்கே ஒரு பொதுப்பாதை போகிறது. எந்தப் பெரிய ஆட்டக்காரனும் அதில் ஆள் நடந்துபோகும்வரை மட்டையோடு காத்திருக்கவேண்டும். ஆட்டத்துக்குத் தடை இங்கே புதிதில்லை. 1457இல் இரண்டாம் ஜேம்ஸ் ராஜா காலத்துப் பாராளுமன்றம், ஜனங்கள் வில்வித்தை பழகாமல் கெட்டுப்போகிறார்கள் என்று இந்த ஆட்டத்துக்குத் தடையே போட்டது. யாரும் கேட்கவில்லை. நாங்கள் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தபோது மட்டும் ஒரு நாய் மிகவும் மரியாதையாக வந்து நின்றது.

நம்ம கோயில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு இந்த வருஷமும் வர முடியாது. கோயிலை ஆடிச்சுற்று சுற்றும்போது என் பங்குக்கும் சேர்த்துச் சுற்றச் சொல்லி அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். 18 குழியையும் நடந்து ஆடினால் பல கிலோமீட்டர் ஆகிறது, அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்வாளா என்றேன். போனை வைத்துவிட்டாள்.

கடைசியாக ஒரு வேலை. ஆவணியில் இங்கே வருகிற நண்பரிடம் நம்ம தறித் துண்டு அரை டஜன் கொடுத்துவிடுங்கள். மட்டை துடைக்க ஆளுக்கொரு துண்டைப் பையில் தொங்கவிட்டிருக்கிறார்கள். இங்கே கடையில் ஒன்று 15 பவுண்டு, ஈரத்தை உறிஞ்சவே மாட்டேன் என்கிறது. நான் இங்கு கொண்டுவந்த பழைய துண்டை எனக்குப் பாடம் சொன்ன அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு எங்கே கிடைக்கும் என்று கேட்டார். ஓரத்தில் வளையம் மாட்ட ஒரு ஓட்டை மட்டும் போடவேண்டும். பாவு எத்தனை கெஜத்துக்கு ஓட்டலாம் என்று யோசித்து வையுங்கள். சரக்கு விற்றால் மச்சான் வகுப்புக் கட்டணத்தை அதிலேயே கழித்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மருமகன்