சாவியை விசாரிக்கும் பெட்டி

முன்பெல்லாம் லாரியில் ஹாரன் அடிக்கவில்லை என்றால் நாமக்கல் பட்டறை எலக்ட்ரீஷியன் டெஸ்ட் லேம்பைப் பல்லில் கடித்துக்கொண்டு டேஷ்போர்டுக்கு அடியில் புகுவார். ஒரு முழ ஒயரில் கதை முடியும். இப்போது ஹாரன், வைப்பர், இண்டிகேட்டர், கதவுப் பூட்டு எல்லாம் ஒரே பெட்டியின் தயவில். பாடி கண்ட்ரோல் மாட்யூல் என்று பேர். இண்டிகேட்டர் போட்டால் வைப்பர் ஆடுகிறதா? பெட்டி போச்சு என்பார்கள்.

புதுசு மாட்டினால் தீர்ந்ததா? லேப்டாப்போடு ஒருவர் வந்து சேசிஸ் நம்பரைச் சொல்லி, சாவியை அறிமுகப்படுத்தும்வரை புது மாப்பிள்ளை போல முறுக்கிக்கொண்டு நிற்கும். காயலான் கடையில் சல்லிசாகக் கிடைத்த பெட்டியோ அதைவிட விசுவாசி. செத்துப்போன வண்டியின் நம்பரையே ஒப்பிக்கும், பல வண்டிகளில் ஸ்டார்ட் ஆகவே விடாது. கோடிங் நடுவே பேட்டரி இறங்கினால் புதுப் பெட்டியும் போய்ச் சேரலாம்.

இத்தனைக்கும் பிறகு சில வண்டிகளில் வைப்பர் பழையபடி ஆடும். அப்போதுதான் கண்ணாடி ரப்பர் வழியே மழைத்தண்ணீர் இறங்கி, எர்த் ஒயர் முனை பச்சை பூத்திருப்பது கண்ணில் படும். உப்புத்தாளால் தேய்த்து போல்ட்டை இறுக்கினால் சரி. அதற்குத் தனியாகக் கூலி கேட்க மெக்கானிக்குக்கே கூச்சம். பெட்டி பில்லிலேயே சேர்த்துவிடுவார். ‘எலக்ட்ரிக்கல் சாமான் ரிட்டன் கிடையாது’ என்று அதன் அடியில் அச்சடித்திருக்கும்.